வலி நின்றுவிட்டது, மகன் திடலில் இறங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 21. தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து, ஆறு மாதங்களுக்கு முன் அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது வலியே இல்லை என்கிறான். அடுத்த மாதம் தீபாவளிக் கிண்ணப் போட்டியில் ஆடியே தீருவேன் என்று நிற்கிறான். செம்பனைக் குலை ஏற்றுவது அவன் வேலை. பிற்காலத்தில் அந்தக் கால் தாங்குமா?
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: அடுத்த மாதப் போட்டியில் அவர் ஆட வேண்டாம். முழங்காலுக்குள் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்தால், அதற்குப் பதிலாக, பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்துப் பொருத்துகிறார்கள். அந்த நாரில் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, அதன் இழைகள் தசைநாராக மாறி வலுப்பெறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே அடங்கிவிடுகிறது. ஆகவே வலியின்மையை வைத்து நாரின் வலுவைக் கணிக்க முடியாது.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயமடையும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 25 வயதுக்குக் குறைந்து விளையாட்டுக்குத் திரும்புவோரில் நான்கைந்து பேருக்கு ஒருவர் மீண்டும் தசைநாரை அறுத்துக்கொள்கிறார். அது அதே காலாகவும் இருக்கலாம், இதுவரை நன்றாக இருந்த மறு காலாகவும் இருக்கலாம்.

பிற்காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதைப் பெரிதும் தீர்மானிப்பது மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வு. தசைநார் மட்டும் அறுந்தவர்களில் பத்தாண்டுகளுக்குப் பின் மூட்டுத் தேய்மானம் கண்டவர்கள் 0 முதல் 13 விழுக்காடு. ஜவ்வும் காயப்பட்டவர்களில் 21 முதல் 48 விழுக்காடு என்று 2009இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கூறியது. அறுவைச் சிகிச்சை காலுக்கு நிலைப்பைத் தருகிறதே தவிர, தேய்மானம் வராது என்ற உறுதியைத் தருவதில்லை. எனவே ஜவ்வு கிழிந்திருந்ததா, தைத்தார்களா, வெட்டி எடுத்தார்களா என்று சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடை கூடுவதும் தொடைத் தசை மெலிவதும் மூட்டுக்குக் கேடு.

வேலையை விடச் சொல்லவில்லை. ஆனால் பாதத்தை மண்ணில் ஊன்றியபடி இடுப்பை மட்டும் முறுக்கிக் குலையை வீசுவது, தசைநார் அறுவதற்குக் காரணமான அதே திருகலை மூட்டுக்குக் கொடுக்கிறது. மழை பெய்த சேற்றில் இது இன்னும் மோசம். பாதத்தை எடுத்துவைத்து, உடல் முழுவதையும் திருப்பி ஏற்றப் பழக வேண்டும். கனமான சுமையைத் தூக்க மருத்துவர் அனுமதித்துவிட்டாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது என்பதால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலை வலுப்படுத்தும் பயிற்சியை இரண்டு மூன்று மாதங்களிலேயே நிறுத்திவிடும் இளைஞர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. உங்கள் மகனும் நிறுத்தியிருந்தால், அந்தப் பயிற்சியைத் தரும் பிசியோவிடம் மறுபடி அழைத்துச் செல்லுங்கள். கால் முழுமையாக நீள வேண்டும். வேலைக்குப் பின் மூட்டு வீங்கக் கூடாது. தொடையின் வலுவும் ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலில் உள்ளதில் 90 விழுக்காடாவது இருக்க வேண்டும். ஒன்பது மாதமும் முடிந்து இவையும் தேறினால், முதலில் சில வாரம் குழுவுடன் பயிற்சி, பிறகே ஆட்டம்.