வடிகட்டிய தண்ணீரும் தயிரும் காலராவைத் தடுக்குமா?

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பழைய சேலைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறோம். தினமும் தயிர் சாப்பிட்டால் வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியா காலராவை விரட்டிவிடும் என்கிறார் மாமியார். இவ்வளவு போதுமா?

பதில்: போதாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

சேலைத் துணியைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய சேலையை மடித்து வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நுண்ணுயிர் ஆய்வாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு இதை 2003-ல் வெளியிட்டது. காலராக் கிருமி கோப்பிபோடு என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியின் ஓட்டில் ஒட்டி வாழும். துணியில் சிக்குவது அந்த உயிரிதான். தனியாக மிதக்கும் கிருமி துணிக்குள் நுழைந்து வந்துவிடும்.

இனி, நல்ல பாக்டீரியா கிருமியை விரட்டுமா என்று பார்ப்போம். கோப்பிபோடின் ஓடு கைட்டின் என்ற கடினப் பொருளால் ஆனது. கைட்டினில் வாழும்போது கிருமி ஆயுதம் எடுக்கிறது. உள்ளே ஒரு குழாய், அதைச் சுற்றி ஓர் உறை. உறை சில மில்லி விநாடிகளில் சுருங்க, நச்சு தடவிய குழாய் ஈட்டிபோல் பாய்ந்து பக்கத்து பாக்டீரியாவைக் குத்துகிறது. இதுதான் ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு. 2006-ல் ஹார்வர்டில் கண்டறிந்தார்கள். அந்த நச்சுக்குத் தன் ரகக் கிருமிகளிடம் மட்டும் மாற்றுமருந்து உண்டு. செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் காலராக் கிருமி உள்ளே இழுத்துக்கொள்ளும். எலிகளின் குடலிலும் இதே ஈட்டியால் அங்கே குடியிருந்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கொன்று இடம்பிடித்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, தயிர்? தயிர் பாக்டீரியாவின் சுவர் தடிமனானது, பெரும்பாலும் ஈட்டிக்குத் தப்பிவிடும். ஆனால் அது தப்புவதால் நீங்கள் தப்பியதாக ஆகாது. பேதியை உண்டாக்கும் நச்சு வேறொரு வாசல் வழியே, இரண்டாம் வகைச் சுரப்பு அமைப்பு வழியே வெளியேறுகிறது. அப்படியொரு நச்சு உண்டென்று 1959-ல் கல்கத்தாவில் ஆய்வாளர் எஸ்.என். டே முயல் குடலில் காட்டினார். தயிரைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், காவலாக நம்ப வேண்டாம்.

கிணற்றில் தெளிந்த நீர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கல் என்றால் கூடுதலாகத் தேவைப்படும். சுகாதார ஆய்வாளரிடம் அளவைக் கேளுங்கள். அப்புறம், யாருக்காவது அரிசி கழுவிய நீர்போல் பேதியானால் ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.