பதில்: போன் அதிர்ந்தாலே வயிறு கலங்குகிறது

கணவரை விட்டு ஈசூனில் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும் அவர் செய்தி வந்தால் வயிறு கலங்குகிறது, ஆனால் அவர் நினைப்பும் வருகிறது, எனக்குப் பைத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி. கதவில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே அவர் மனநிலையைக் கணித்துப் பழகிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. நினைப்பு வருவதும் சகஜம்தான். அதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்கா போனுக்கு அனுப்பிவிட்டு, சத்தத்தை அணைத்து வையுங்கள். உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் அவருக்குப் போடும் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு மனு செய்தால் அந்தச் செய்திகள் உதவும். காயம் இருந்தால்தான் ஆணை கிடைக்கும் என்பதை நம்பாதீர்கள். ஓயாத தொந்தரவையும் சிங்கப்பூரின் மாதர் சாசனச் சட்டம் வன்முறையாகத்தான் பார்க்கிறது. வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000க்கு எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் முதலிலேயே கேளுங்கள். அப்புறம், “பிள்ளைக்காகப் பொறுத்துப் போ” என்கிற உறவினருக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம், அக்கா பார்த்துக்கொள்வார்.