வாசகர் கேள்வி – பதில்: மே மாதக் கடைசியில் காட்டு வான்கோழி வேட்டை

கேள்வி: வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, உரிமம் பெற்று, இந்த ஆண்டுதான் முதன்முறையாக வான்கோழி வேட்டைக்குச் செல்கிறேன். மே முதல் வாரத்தில் விடியற்காலையில் நாலாபுறமும் சேவல்கள் கூவின, ஒன்றும் நெருங்கவில்லை. இப்போது காடே அமைதியாகிவிட்டது. இனிப் போவதில் பயனுண்டா?
– வாசகர், ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: நிச்சயமாக உண்டு. பொறுமையுள்ளவருக்கு இதுவே நல்ல காலம் என்பேன். பருவத் தொடக்கத்தில் சேவல் இரவு அடைந்த மரத்திலிருந்தே கூவும். ஆனால் தரையில் இறங்கியதும் பெட்டைகள் அதைச் சூழ்ந்துகொள்வதால், பெட்டையின் குரல்போல நீங்கள் எழுப்பும் அழைப்பைத் தேடி வர வேண்டிய தேவை அதற்கு இருப்பதில்லை. பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இட்டு முடிக்கும்வரை கூட்டுக்குப் போவதும் சேவலிடம் திரும்புவதுமாக இருக்கும். அடையில் உட்கார்ந்துவிட்டாலோ, ஏறத்தாழ 28 நாள்களுக்கு இரை தேடச் சிறிது நேரம் எழுவதைத் தவிரக் கூட்டை விட்டு நகராது. அதனால் மே பிற்பகுதியில் சேவல் தனித்து விடப்படுகிறது. விடியலில் ஒன்றிரண்டு முறை கூவிவிட்டு அடங்கினாலும், காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் துணை தேடி நடக்கத் தொடங்கும். எனவே எட்டு மணிக்கே வீடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் மாநிலத்தில் பருவத்தின் முதல் பகுதியில் நண்பகலோடு வேட்டையை நிறுத்த வேண்டும். பிற்பகுதியில் மாலைவரை அனுமதி உண்டு. பக்கத்து நியூயார்க்கில் மாதம் முழுவதும் நண்பகல்தான் எல்லை.

அழைக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இத்தனை வாரங்களாக உரத்த போலி அழைப்புகளைக் கேட்டுக் கேட்டு எஞ்சிய சேவல்கள் எச்சரிக்கையாகிவிட்டன. பெட்டையின் குரலை எழுப்பும் கற்பலகைக் கருவியின் மீது குச்சியை அழுத்தாமல், சிறு வட்டமாக மெல்ல இழுத்தால், பெட்டை மேயும்போது எழுப்பும் தாழ்ந்த முனகல் வரும். அதையே இரண்டு மூன்று முறை செய்துவிட்டுக் கருவியைக் கீழே வைத்து, குறைந்தது அரை மணி நேரம் அசையாமல் காத்திருங்கள். இக்காலத்துச் சேவல் பதில் கொடுக்காமலே வந்து நிற்பதுண்டு. சருகில் காலடியோ, தோகை விரித்து நிற்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து எழும் மெல்லிய அதிர்வோதான் முதலில் காதில் விழும். இலைகள் அடர்ந்துவிட்டதால் பார்வை எட்டும் தூரம் குறைவு. ஆகவே புல்வெளி ஓரத்தையோ வெட்டிய மரங்களை ஏற்றிச் சென்ற பழைய வண்டிப் பாதையையோ தேர்ந்தெடுங்கள். சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கிக்கு 35 மீட்டருக்குள் வந்து, கழுத்தை நீட்டி நிற்கும்போது மட்டுமே தலையும் கழுத்தும் சேருமிடத்தைக் குறிவையுங்கள். தோகை விரித்துக் கழுத்தை உள்ளிழுத்திருக்கும் பறவையைச் சுட்டால் காயத்தோடு தப்பிவிடக்கூடும்.

கேள்வி: இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையாடுவது தவறல்லவா? நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுயிர் வேட்டையைத் தடைசெய்கிறதே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் இம்மாநிலங்களில் வசந்தப் பருவத்தில் நெஞ்சில் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். அது பெரும்பாலும் சேவலுக்கே உண்டு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும். ஒருமுறை இணைந்த பெட்டையின் உடலில் விந்தணு பல வாரங்கள் உயிரோடிருந்து முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஆகையால் பெரும்பாலான பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்தபின் சில சேவல்களை எடுப்பது அவ்வாண்டின் குஞ்சுகளைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் சில பெட்டைகளுக்கும் அந்த மயிர்க்கற்றை முளைக்கும். சட்டம் அதையும் அனுமதிக்கிறது. என் உறுதியான கருத்து, அதைச் சுடக் கூடாது என்பதே. மே கடைசியில் அப்படியொரு பெட்டையைக் கொன்றால் ஒரு கூடே அழியக்கூடும். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறும், நெஞ்சு இறகின் நுனி கறுத்திருக்கும்; பெட்டையின் தலை சாம்பல் நீலம், நெஞ்சு பழுப்பு. அவ்வளவு தெளிவாகப் பார்த்தபின்தான் விரல் விசைக்குப் போக வேண்டும்.

காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் 1840களின் நடுவிலேயே நியூயார்க்கில் இப்பறவை அற்றுப்போயிற்று. ஏறத்தாழ 1948இல்தான் பென்சில்வேனியாவின் வடபகுதியிலிருந்து அது மீண்டும் அங்கே பரவியது. பின்னர் வலை வீசிப் பிடித்துப் புதிய காடுகளில் விட்டுப் பெருக்கினார்கள். துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கு ஒதுக்கும் 1937ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமே இத்தகைய பணிகளுக்குப் பெருமளவு பணம் தந்தது. அங்குள்ள வேட்டை உரிமையும் பாதுகாப்பும் இப்படிப் பிணைந்து வளர்ந்தவை. நம் சட்டத்தின் வரலாறு வேறு, அதை இதைக்கொண்டு எடைபோட முடியாது.

கேள்வி: என் மகன் நண்பர்களோடு இவ்வேட்டைக்குப் போகிறான். எதைப் பற்றி எச்சரிக்க வேண்டும்?
– வாசகி, கனெக்டிகட்

பதில்: முதலாவது, மற்ற வேட்டைக்காரர்கள். சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவை சட்டையின் உள்விளிம்பில்கூடத் தெரியக் கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். கூவல் கேட்ட திசையை நோக்கிப் பதுங்கிச் செல்லவே கூடாது. அந்தக் கூவல் இன்னொருவரின் கருவியிலிருந்து வந்ததாக இருக்கலாம். யாரேனும் வருவதைக் கண்டால் கையை அசைக்காமல் வாய்விட்டுப் பேச வேண்டும்.

இரண்டாவது, உண்ணி. லைம் நோய் உங்கள் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கியது. அதைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும், மே, ஜூன் மாதங்களில்தான் மிகுதி. பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி மருந்தை உடம்பில் பூசாமல் உடையில் மட்டும் முன்னதாகவே தெளித்து உலரவிட வேண்டும். வீடு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி ஆகியவற்றைச் சோதித்து, ஒட்டியிருப்பதை நுண்ணிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ பரவும் சிவந்த தடிப்போ கண்டால், காட்டுக்குச் சென்றதைச் சொல்லி உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.