சான்றிதழ் வந்துவிட்டது, கேட்டால் பதில் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் மொரீஷியஸில் காத்ர் போர்ன். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். ஐடி நிறுவனங்கள் இருக்கும் எபென் பக்கம் டேட்டா வேலைக்குப் போக ஆசை. ஃபோரேஜ் என்ற இணையப் பயிற்சித் தளத்தில் டாடா குழுமத்தின் மெய்நிகர் வேலைப் பயிற்சியை இரண்டே மாலையில் முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். ஆனால் நேர்காணலில், அந்தப் பயிற்சியில் நான் விற்பனைக் கணக்கை வரைபடங்களாகப் போட்ட டாஷ்போர்டைக் காட்டி, "இந்தக் கோடு ஏன் இறங்குகிறது?" என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன். இன்னும் நான்கைந்து பயிற்சி முடித்தால் சரியாகுமா?

பதில்: அன்பு மகளே, நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து, அப்புறமும் உட்கார்ந்து படித்திருக்கிறாய். அந்த உழைப்பு வீண் இல்லை. ஆனால் புதிதாக நான்கைந்து வேண்டாம். அதே பயிற்சியை இன்னொரு முறை செய்.

நீ அனுப்பும் விடையை அங்கே யாரும் உட்கார்ந்து திருத்துவதில்லை. அனுப்பியதும் மாதிரி விடை கிடைக்கும். முடித்த எல்லோருக்கும் அதே சான்றிதழ்தான். வேலைக்கு எடுப்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் சான்றிதழை விட்டுவிட்டுக் கோட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

இந்த முறை மாதிரி விடையைத் திறக்காதே. எக்செல் கோப்பை மட்டும் திற. பிரிட்டனில் பரிசுப் பொருள் விற்கும் ஓர் இணையக் கடையின் கணக்கு அது, 5,41,909 வரிகள். அப்படியே கீழே நகர்த்திக்கொண்டு போ. அளவு இருக்கும் பத்தியில் ஆங்காங்கே மைனஸ் எண் வரும். அந்த வரிகளில் பல, பில் எண் 'சி' எழுத்தில் தொடங்குபவை, ரத்தான ஆர்டர்கள். அளவு ஒன்றுக்குக் குறைவான வரிகளை நீக்கச் சொல்லிப் பயிற்சியே சொல்லித்தரும். சரி, நீக்கு. ஆனால் நீக்கினால் என்ன ஆகும் என்று யோசி: திரும்பி வந்த சரக்கும் விற்றதாகவே கணக்கில் நின்றுவிடும், வருமானம் உள்ளதைவிடக் கூடத் தெரியும். இதை நீயாகவே நேர்காணலில் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உன் கோடு இறங்கியதற்கு வருவோம். 2011 நவம்பர் வரை ஏறி, டிசம்பரில் தடாலென்று விழுந்திருக்கும், இல்லையா? கடைசித் தேதியைப் பார். டிசம்பர் 9. மாதமே முடியவில்லை, விற்பனை எங்கே விழுந்தது! நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதி மாதக் கணக்கை முழு மாதமாக வரைந்து மேலாளரிடம் கொடுத்தேன். அதை நம்பி ஒரு ஆர்டரையே நிறுத்திவைத்தார்கள். அன்றிலிருந்து எந்தப் படம் வரைந்தாலும் முதலில் தேடுவது கடைசித் தேதியைத்தான்.

அப்புறம் நம் ஊர்க் கணக்கில் ஒன்று செய். மொரீஷியஸ் புள்ளியியல் துறை சுற்றுலாப் பயணிகள் வருகையை மாதவாரியாக, நாடுவாரியாக வெளியிடுகிறது. 2019இல் 13 இலட்சத்து 83 ஆயிரம் பேர். 2020இல் ஏறக்குறைய 3 இலட்சத்து 9 ஆயிரம். கோவிட்டுக்காக மூடிய எல்லை முழுதாகத் திறந்தது 2021 அக்டோபர் 1 அன்று. 2020, 2021 இரண்டையும் சேர்த்து சராசரி போட்டால் எந்த மாதமும் உண்மையைச் சொல்லாது. பக்கத்துத் தீவான ரீயூனியன்காரர்கள் தங்கள் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வந்து இறங்குவதை வரவேற்பில் நின்றே பார்த்திருப்பாய். அது கணக்கில் தெரிகிறதா என்று தேடு. எபெனில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லாத அறிவு இது, உனக்கு இருக்கிறது.

ஹோட்டல் விருந்தினர் விவரத்தை மட்டும் தொடாதே. 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அதைவிட, அவர்கள் உன்னை நம்பிக் கொடுத்தது அது.

படம் வரைய மென்பொருள் வேண்டுமே: பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸ் கணினி வேண்டும். டேப்லோ பப்ளிக் மேக்கிலும் ஓடும், இணைப்பை யாருக்கும் அனுப்பலாம். போட்டதை ஊரே பார்க்கும், ஞாபகம் இருக்கட்டும்.

முடித்ததும் அம்மாவை உட்காரவைத்து கிரியோலில் விளக்கு. எந்த இடத்தில் அம்மா "ஏன்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் படத்தை மாற்று. பிறகு அந்த இணைப்பை விண்ணப்பத்தில் சான்றிதழுக்கு மேலே போட்டு அனுப்பு.