பட்டறை வைத்திருப்போரின் கேள்விகளுக்கு ஒரு டூல்ரூம்காரரின் பதில்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் (தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவில்) நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், இப்போது வீட்டின் பின்புறத்தில் பத்தடிக்கு எட்டடியில் ஒரு சிறு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கைக்கருவிகளை அடுக்கி வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, என் கையில் பட்டுத் தெரிந்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கடலூரில் கடலுக்கு அருகே குடியிருக்கிறோம். கருவிகளை மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கிறேன். எண்ணெய் தடவியும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் துரு பிடித்துவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் வெறும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்துவிட்டால், அது தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. நீங்கள் எண்ணெய் தடவுவது அந்த உப்பின் மேல்தான் என்றால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுகிறீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அடுத்து உலர்ந்த துணியால் துடைத்து, சற்று நேரம் வெயிலில் வைத்து, சூடு ஆறிய பிறகே எண்ணெய் தொட வேண்டும். கைவியர்வையிலும் உப்பு உண்டு. எங்கள் டூல்ரூமில் ஒருவருக்குக் கை எப்போதும் வியர்க்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பை அவர் தொட்டால் அதில் மறுநாள் காலையில் ஐந்து விரல் ரேகையும் பழுப்பு நிறத்தில் தெளிவாகப் பதிந்திருக்கும், யார் தொட்டது என்று எவரும் கேட்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது தவறு பெட்டி. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று படும்போது, குளிர்ந்த தண்ணீர் செம்பின் வெளிப்புறத்தில் வியர்ப்பதைப் போலவே கருவிகளும் தகர மூடியின் உட்புறமும் வியர்க்கும். மரப்பெட்டியோ மர அலமாரியோ இதில் நல்லது, ஏனெனில் மரம் கொஞ்சம் ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். வெப்பமும் அதில் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். அடியில் செய்தித்தாளோ கோணிச்சாக்கோ விரிக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் போடுவதென்றால் ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். சந்து உள்ள டிரங்குப் பெட்டியில் போட்டால், வங்காள விரிகுடாவையே உலர்த்தச் சொல்வது போலாகிவிடும். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் சூடேற்றி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

மூன்றாவது எண்ணெய். பலர் தேங்காய் எண்ணெயைத் தடவுகிறார்கள். நாளானால் அது காறிப்போய் அமிலம் கூடும், போதாக்குறைக்கு எறும்பும் வரும். தையல் மெஷின் எண்ணெய் போதும். துணியில் நாலு சொட்டு விட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்தால் சரி.

கேள்வி: உளிகளைக் காந்தப் பட்டையில் ஒட்டி வைக்கலாமா? பார்க்க அழகாக இருக்கிறதே.

நான் வைக்க மாட்டேன். காந்தத்தில் தொடர்ந்து இருக்கும் எஃகு தானும் கொஞ்சம் காந்தமாகிவிடும். பிறகு சாணைக்கல்லில் தீட்டும்போது வரும் இரும்புத்துகள் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் முழுதாகப் போகாது. எடுக்கும்போது பக்கத்து உளியின் முனையில் இடிப்பதும் நடக்கும்.

அதற்குப் பதிலாக 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றில், உளியின் அகலத்தைவிட 3 மி.மீ. கூடுதலாகக் காடி வெட்டி, வேலை மேசைக்குப் பின்னால் சுவரில் மார்பு உயரத்தில் பொருத்துங்கள். 6, 12, 18, 25 என்று அளவு வரிசையில் வையுங்கள். பிடிகளுக்கு நடுவே விரல் நுழைய இடம் விடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் முதல் பலகையில் மறந்து, ஒன்றை எடுக்கப்போய் இரண்டை உருவினேன். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைகளுக்கு முன்னால் ஒரு அக்ரிலிக் தகட்டை மறைப்பாகத் திருகிவிட்டால், கையும் பிழைக்கும், எந்த உளி எங்கே என்பதும் தெரியும்.

கேள்வி: அரங்களை எல்லாம் ஒரே டிராயரில் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் மழுங்கிவிட்டன. மட்டமான சரக்கா?

சரக்கைக் குறை சொல்லாதீர்கள். அரத்தின் பல் மிகக் கடினமானது, ஆதலால் எளிதில் உடையும். டிராயரை இழுக்கும்போதெல்லாம் ஓர் அரம் இன்னொன்றின் பல்லைத் தின்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே மரச்சட்டம் வைத்துத் தடுங்கள், அல்லது பிடி செருகும் வால்பக்கத்தில் மாட்டி வரிசையாகத் தொங்கவிடுங்கள். அரத்துக்கு எண்ணெய் மட்டும் வேண்டாம்; எண்ணெய் பட்ட அரம் வேலையில் வழுக்கும், துகளும் பல்லில் அடைத்துக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் பல் போகும் திசையில் தேய்த்துவிட்டு, சாக்பீஸை மேலே தடவி வையுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் ஒப்பவில்லை.

கால் வைத்த ஒரு மரச்சட்டத்தில் 12 மி.மீ. பிளைவுட்டை அறைந்து, சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கள். கவிழாமல் இருக்க அடியில் ஒரு தட்டு அமைத்து, சுத்தியல், குறடு, ஸ்பேனர் முதலிய கனமானவற்றை அதில் வையுங்கள். சொந்த வீடாக இருந்தாலும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் பலகையை ஒட்டி அறையக் கூடாது, பின்னால் காற்றோட்டம் வேண்டும்.

கேள்வி: திருப்புளிகளின் ரப்பர் பிடி பிசுபிசுக்கிறது.

வெப்பமும் எண்ணெயும் சேர்ந்த விளைவு அது. பிடியில் எண்ணெய் படாமல், வெயில் விழாத இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே இளகிப்போனது பழைய நிலைக்குத் திரும்பாது. டிராயருக்குள் பஞ்சு போன்ற ஃபோம் விரித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சில ஆண்டுகளில் உதிர்ந்து கருவியில் ஒட்டும்.

கேள்வி: ஆயுத பூஜைக்குப் பிறகு ரம்பத்திலும் மூலைமட்டத்திலும் வட்ட வட்டமாகக் கறை வருகிறதே, ஏன்?

நீங்கள் வைத்த சந்தனப் பொட்டுதான். ஈரச் சந்தனம் மறுநாள் வரை இரும்பில் இருந்தால், அதன் கீழே துரு வட்டம் விழும். நான் பொட்டை மரப்பிடியில்தான் வைக்கிறேன். பிடி இல்லாத கருவிக்கு ஒரு பூ சாத்தினால் போதும். விஜயதசமியன்று எடுத்ததும் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தொட்டு வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரும் பண்டிகை என்பதால், எல்லாக் கருவியையும் வெளியே எடுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நாளும் கிடையாது.

கேள்வி: தாத்தாவின் இழைப்புளி துருவேறிக் கிடக்கிறது. காப்பாற்றி எப்படி வைப்பது?

மர உடல் என்றால் தகட்டை மட்டும் கழற்றி, ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, கம்பி நாரால் தேயுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி உடனே உலர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் மிச்சமிருக்கும் அமிலம் மாலைக்குள் புதுத்துருவைக் கொண்டுவந்துவிடும். துரு குழியாக விழுந்திருந்தால், குழி மறையும் வரை தகட்டின் தட்டையான முதுகுப் பக்கத்தைக் கல்லில் தேய்த்தாக வேண்டும், பொறுமை தேவை. வேலை முடிந்ததும் தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியின் மேல் முன்பக்கம் தூக்கியிருக்கும்படி வையுங்கள். பக்கவாட்டில் சாய்த்து வைப்பாரும் உண்டு, அதிலும் பிழையில்லை.