அக்கரைப்பற்றில் வீடு மாறுகிறோம். எந்தெந்தக் கழிவுகளைக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகலாம்?

பழைய வீட்டைக் காலிசெய்கிறீர்கள், பத்து வருடக் கழிவு சேர்ந்து கிடக்கிறது, சிறிய லொறி ஒன்றைப் பிடித்து எல்லாவற்றையும் மேட்டிலேயே கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆலையடிவேம்பில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டையும் மூன்று வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒதுக்கினோம்.

லொறி பிடிக்காதீர்கள். நம் பக்கத்தில் குப்பைமேடு வீட்டுக்காரர் போய்க் கொட்டும் இடம் அல்ல. கழிவைச் சேகரிப்பதும் அப்புறப்படுத்துவதும் மாநகர சபை, பிரதேச சபைகளின் கடமை. வழக்கமாக வரும் உழவு இயந்திரத்தில் ஏறாத அளவு இருந்தால் சபை அலுவலகத்துக்கு முதலே போய், தனியாக ஒரு நடை வருமா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அதற்குமுன், மேட்டுக்குப் போகவே கூடாதவற்றை வளவுக்குள்ளேயே பிரித்துவிடுங்கள்.

முதலில் சோறு, கறி, மீன் முள், காய்கறித் தோல். இவற்றைப் பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போடாதீர்கள். பள்ளக்காட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்கள் பலவற்றின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. ஒரு மாலை, உறவினரின் வயலிலிருந்து திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். ஆறு யானைகள் மேட்டில் நின்றன. ஒன்று வெள்ளைப் பை ஒன்றை முன்காலால் மிதித்துக்கொண்டு தும்பிக்கையால் கிழிக்கப் பார்த்தது. பை இழுபட்டதே தவிர முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பையோடு சேர்த்துச் சுருட்டி வாய்க்குள் போட்டுக்கொண்டது. என் அம்மா மீன் கழிவைக் கட்டுகிற அதே இரட்டை முடிச்சு. பக்கத்தில் காய்ந்து கிடந்த லத்தியில் நீலமும் சிவப்புமாய்ப் பொலித்தீன் துண்டுகள் நார்போலப் பின்னிக் கிடந்தன.

2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்துகிடந்த செய்தி உலகம் முழுவதும் போனது. எட்டு வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் அந்தக் குப்பையைத் தின்று இறந்ததாகச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை செய்த வனவிலங்கு வைத்தியர், வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும்தான் இருந்தன என்றார். வழக்கமாக யானை தின்னும் புல்லோ இலையோ இல்லை. யானையை அங்கே இழுப்பது சோற்று வாசம். வாசம் பொலித்தீனுக்குள் இருப்பதால் பொலித்தீனும் உள்ளே போகிறது. உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆகவே சமையலறைக் கழிவை வளவிலேயே தாட்டுவிடுங்கள். நம் கரையோர மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது, உக்கிய பசளை அதற்கு மிகவும் வேண்டும். இரண்டடிக் குழி வெட்டி, ஒரு அடுக்குக் கழிவு, ஒரு அடுக்குக் காய்ந்த சருகு என்று போட்டு, மேலே மண்ணைத் தள்ளினால் போதும். மீன் கழிவை மட்டும் ஆழமாக, தென்னை அடியில் புதையுங்கள். மேலோட்டமாகப் போட்டால் இரவிலேயே நாய் கிளறிவிடும். புது வீட்டில் வளவு இல்லையென்றால் அடிப்பகுதி வெட்டிய பீப்பா ஒன்றை மண்ணில் பதித்துவையுங்கள். அதற்கும் இடமில்லையா? மூடியுள்ள வாளியில் தனியாகச் சேர்த்து, உக்கும் கழிவு என்று சொல்லி வாளியிலிருந்தே வண்டியில் கொட்டிக் கொடுங்கள்.

விலைபோகும் பொருட்களை ஏன் மேட்டுக்கு அனுப்ப வேண்டும்? பழைய இரும்பு, அலுமினியச் சட்டி, பித்தளை, வெற்றுப் போத்தல், காட்போட், பத்திரிகை எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குபவர் வீட்டு வாசலிலேயே எடுத்துக்கொள்வார். பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவி, மூடியைக் கழற்றி, தனிச் சாக்கில் கட்டுங்கள்.

உடைந்த கண்ணாடியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஒதுக்கலின்போது நான் உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சாதாரணக் குப்பைச் சாக்கிலேயே போட்டுவிட்டேன். சாக்கைத் தூக்கிய ஊழியரின் உள்ளங்கை கிழிந்தது. கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை இரத்தம். அவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டே, “தம்பி, நாங்கள் கையால்தானே பிரிக்கிறோம்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியசாலைக்கு நானே கூட்டிப்போனேன். நான்கு தையல். அன்றிலிருந்து கண்ணாடி, சவர அலகு, ஊசி எதுவானாலும் தகர டின்னிலோ தடித்த காட்போட் பெட்டியிலோ போட்டு ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, கையில் கொடுக்கும்போதும் வாயால் சொல்லிவிடுகிறோம்.

பற்றரி, பழைய கைத்தொலைபேசி, மின்குமிழ் ஆகியவற்றைச் சாதாரணக் குப்பையோடு கலக்க வேண்டாம். கைத்தொலைபேசி பற்றரி நசுங்கினால் தீப்பிடிக்கும். சுருள் மின்குமிழிலும் டியூப் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. மின்னணுக் கழிவை எங்கே, எப்போது எடுக்கிறார்கள் என்று சபையில் கேட்டுவிட்டு, அதுவரை உடையாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். பழைய கூரையின் அஸ்பெஸ்டஸ் தகடுகள் இருந்தால் உடைக்கவே உடைக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, முழுத் தகடாக இறக்கி, சபைக்குத் தனியாகச் சொல்லுங்கள். கல், சீமெந்து இடிபாட்டை வீட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள். பள்ளம் நிரப்ப யாராவது கேட்பார்கள்.

எரித்துவிடலாம் என்று அயலவர் சொல்வார். வேண்டாம். திறந்த வெளியில் குப்பை எரிப்பது 2017 முதல் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் புகையை முதலில் சுவாசிப்பதும் உங்கள் பிள்ளைகள்தான்.

இவ்வளவையும் பிரித்த பின் மிஞ்சுவது கொஞ்சம்தான்: கிழிந்த துணி, பழைய செருப்பு, அழுக்கான பொலித்தீன், உடைந்த பிளாஸ்டிக், அணையாடை. வண்டியில் போட வேண்டியவை இவையே. மெத்தை இருந்தால் முதல் நாளே சொல்லிவையுங்கள், அது இடத்தை அடைக்கும். வீட்டைப் பூட்டுமுன் பின்வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சிரட்டை, தயிர்க் கோப்பை, பழைய டயர் ஏதாவது மழைநீர் பிடிக்கும் நிலையில் கிடந்தால் கவிழ்த்துவிட்டுப் போகாமல் எடுத்தே விடுங்கள். ஆளில்லாத வளவில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் அங்கே டெங்கு நுளம்பு பெருகிவிடும். மாரி தொடங்கவும் அதிக நாள் இல்லை.