கேள்வி பதில்: சுட்டு முடித்த தோட்டாக்கூடுகளை என்ன செய்வது?

கேள்வி: என் மகன் ஞாயிறுதோறும், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் ரேஞ்சுக்குப் போகிறான். திரும்பும்போது சிவப்பும் பச்சையுமாகக் காலித் தோட்டாக்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கராஜில் போடுகிறான். அடியில் பித்தளை இருக்கிறது, எடைக்குப் போட்டால் காசு வரும் என்கிறான். வாங்குவார்களா, ஐயா?
— ஒரு வாசகி, டோங்காட்

பதில்: விற்கலாம், அம்மா. ஆனால் சாக்கோடு தூக்கிக்கொண்டு போனால் ஸ்கிராப் கடைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். அவர் பயம் நியாயமானது. காலிகளுக்கு நடுவே சுடாத தோட்டா ஒன்று கலந்து அரவை இயந்திரத்துக்குள் போனால் அங்கே நிற்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து.

எங்கள் ரேஞ்சில் தரையைக் கூட்டி அள்ளும் வேலையை நான் விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கைதவறி விழுந்தவை, குத்தியும் வெடிக்காதவை என்று சுடாத தோட்டாக்கள் குப்பையில் அகப்படத்தான் செய்கின்றன. சுட்ட கூட்டின் வாய் விரிந்திருக்கும், உள்ளே விரல் போகும், கையில் கனமே தெரியாது. சுடாததன் வாய் ஆறு அல்லது எட்டு மடிப்பாக மூடியிருக்கும். உள்ளே இருக்கும் ஈயரவையின், அதாவது சின்ன ஈயக் குண்டுகளின், கனம் உள்ளங்கையில் உடனே தெரியும். கூட்டின் பக்கத்தில் 70 என்று அச்சடித்திருப்பது வாய் விரிந்த பிறகு உள்ள மில்லிமீட்டர் நீளம். மூடியிருக்கும்போது 58 வாக்கில்தான் இருக்கும். அடியில் நடுவே இருக்கும் ப்ரைமரில் (ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஊசி குத்திய பள்ளம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வாய் மூடியிருந்தால் அது உயிருள்ள தோட்டா, அவ்வளவுதான்.

மஞ்சள் நிறத்தில் ஏதாவது கண்டால் இன்னும் கவனம். அது 20 காஜ் தோட்டாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நிறம். காஜ் என்பது துப்பாக்கிக் குழலின் அகல அளவு, எண் கூடினால் அகலம் குறைவு. 12 காஜ் துப்பாக்கியில் தவறிப் போட்டால் 20 காஜ் தோட்டா உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் துப்பாக்கி காலிபோலத் தெரியும். பின்னால் இன்னொன்றை வைத்துச் சுட்டால் குழல் வெடித்துவிடும். இரண்டு அளவும் ஒரே பையில் கிடப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

சட்டமும் கண்டிப்பானது. நம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, முழுத் தோட்டா மட்டுமல்ல, தனி ப்ரைமர்கூட உரிமம் இல்லாதவர் கையில் இருக்கக்கூடாது. சாக்கில் சுடாதது ஒன்று அகப்பட்டால் எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம். போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு என்ன செய்வதென்று கேளுங்கள். அடுத்த வாரத்திலிருந்து பிரிக்கிற வேலையை ரேஞ்சிலேயே, அங்குள்ள பொறுப்பாளர் கண்முன் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டுக்குச் சாக்கு வரும்போது அதில் காலி மட்டும்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் பித்தளை விஷயம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. இன்று வரும் பயிற்சித் தோட்டாக்களில் பெரும்பாலானவை அப்படித்தான், அதற்கு இரும்பு விலைதான். நம் கடற்கரைக் காற்றில் ஈரச் சாக்கில் கிடந்தால் துருவும் பிடிக்கும். ஒட்டாதவை பித்தளை, அவற்றைத் தனியே சேருங்கள். பழைய பொருள் வியாபாரிகளுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்பவரின் அடையாளத்தைக் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையோடு போகச் சொல்லுங்கள்.

கூட்டின் குழாய்ப்பகுதி பாலிஎத்திலீன். மோபெனியில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது பழகிய சரக்கு. நல்ல பிளாஸ்டிக்தான், ஆனால் உலோகம் ஒட்டியிருக்கும்வரை எந்த ஆலையும் தொடாது. உலோகத் தொப்பிக்கு மேலே கூரான கத்தியால் வெட்டிவிட்டால் குழாய் தனி, தொப்பி தனி. நிறையச் சேரும் இடத்தில் மொத்தமாக அரைத்து, காந்தத்தால் இரும்பை இழுத்து, மீதியைத் தண்ணீரில் போடுவார்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், பித்தளை மூழ்கும். ஒரு வீட்டுச் சாக்குக்கு இதெல்லாம் கட்டாது. கிளப் ஒரு டிரம் வைத்துப் பல மாதச் சரக்கைச் சேர்த்து ஒரே லோடாக அனுப்பினால்தான் வாங்குகிறவர் பேச்சுக்கு வருவார். இதை உங்கள் மகன் அடுத்த கூட்டத்திலேயே கிளப்பில் எடுத்துப் பேச வேண்டும்.

கேள்வி: தாத்தா, காலிக்கூடுகளை வைத்துத் தீபாவளிக்குச் சரவிளக்கு செய்யலாமா? பேரப்பிள்ளைகளும் உதவ ஆசைப்படுகிறார்கள்.
— ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: செய்யலாம் அம்மா, அழகாகவே இருக்கும். சுட்ட ப்ரைமரைத் தட்டி எடுத்தால் 6 மில்லிமீட்டர் துளை கிடைக்கும். 5 மில்லிமீட்டர் எல்இடி பல்பு அதில் சரியாக நுழையும். சிவப்புக் கூடு உள்ளிருந்து ஒளிர்வது பார்க்கவே குளிர்ச்சி. ஆனால் எண்ணெய்த் திரியோ மெழுகுவத்தியோ கூடவே கூடாது, கூடு உருகிவிடும்.

கழுவுவதும் ப்ரைமர் தட்டுவதும் பெரியவர்கள் வேலை. உள்ளே படிந்திருக்கும் கரியில் ஈயம் உண்டு. கையுறை போட்டு, சமையலறைத் தொட்டியில் இல்லாமல் வெளியே ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள். காய்ந்த பிறகு கம்பியில் கோப்பதைப் பெரிய பிள்ளைகளிடம் விடலாம். வாயில் பொருளை வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வருஷம் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, என்னிடம் உரிமம் இருக்கிறது. கூட்டில் மறுபடி வெடிமருந்தும் ரவையும் நிரப்பிச் சுட நினைக்கிறேன். ஒரு கூடு எத்தனை முறை தாங்கும்? செலவு மிச்சமாகுமா?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எண்ணிக்கையை நம்பாதீர்கள் தம்பி, கூட்டைப் பாருங்கள். வாய் மடிப்பு வெடித்திருந்தால், குழாயில் ஊசித் துளை தெரிந்தால், ப்ரைமர் இறுக்கமாக உட்காராவிட்டால் அதோடு அது குப்பை. ஒரே வார்ப்பாகச் செய்த கூடு பலமுறை உழைக்கும். குழாயும் அடித்தட்டும் தனித்தனியாகச் செய்து பொருத்திய கூட்டில், அந்த அடித்தட்டு கழன்று துப்பாக்கிக் குழலில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒவ்வொரு முறையும் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கூட்டின் உள்வடிவம் மாறினால் அழுத்தமும் மாறும். அதனால் மருந்து தயாரிப்பவர் அச்சிட்ட அளவை, அவர் சொன்ன அதே கூடு, அதே ப்ரைமரோடு மட்டும் பின்பற்றுங்கள். நண்பர் வாய்மொழியாகச் சொன்ன அளவு வேண்டாம்.

மிச்சம் என்று பார்த்தால், சாதாரண 12 காஜில் பெரிதாக இல்லை. ஈயரவைதான் விலையை விழுங்குகிறது. 28 காஜ், 410 போன்ற சிறியவற்றைச் சுடுபவருக்குத்தான் நன்றாகக் கட்டும். உரிமமுள்ள ஒரு துப்பாக்கிக்கு 2400 ப்ரைமர் என்ற சட்ட வரம்பையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: தோட்டக் குப்பையோடு கொளுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், ஸ்டேங்கர்

பதில்: கூடாது. ஈயப்புகை உங்கள் வீட்டார் மூச்சில்தான் போகும், சுடாதது ஒன்று கலந்திருந்தால் நெருப்பில் வெடிக்கும்.

கேள்வி: எங்கள் கரும்புத் தோட்டம் ரேஞ்சுக்கு எதிரே இருக்கிறது. பூப்போல விரிந்த சிறு பிளாஸ்டிக் கிண்ணங்கள் வரப்பெல்லாம் கிடக்கின்றன. இவை என்ன?
— ஒரு வாசகர், வெருலம்

பதில்: மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு அது. கூடு சுடுபவர் காலடியில் விழும், கிண்ணமோ சில பத்து மீட்டர் தள்ளிப் போய் விழும். ஆகவே பொறுக்க எவருக்கும் நினைவு வருவதில்லை. வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலப்பதற்குள் பொறுக்கியாக வேண்டும், உங்கள் மாடுகள் அங்கே மேய்ந்தால் இன்னும் அவசரம். ரேஞ்ச் நடத்துபவர்களிடம் நேரில் பேசுங்கள்: அவர்கள் ஆட்களே வந்து பொறுக்கட்டும், நார் அடைப்பு வைத்த தோட்டாவை மட்டும் அனுமதிக்கட்டும்.

கிண்ணத்தைவிட எனக்குக் கவலை ரவைதான். ஒரு தோட்டாவில் 28 கிராம் என்றால், ஒருவர் 25 தட்டுக்குச் சுடுவதில் 700 கிராம் ஈயம் பறக்கிறது. 200 மீட்டர் வரைகூடப் போகும். புளிப்பு மண்ணில் ஈயம் எளிதில் கரைந்து நகரும். சுண்ணாம்பு போட்டால் அந்த நகர்வு குறையும். நீங்கள் மண் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும்போது, ரேஞ்ச் பக்கத்து மண்ணைத் தனியாகக் கட்டி, ஈயமும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பக்கத்தில் கீரையும் கிழங்கும் போடாதீர்கள்.